நந்தினி எந்தக் குடி?

எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்புக் கிடைக்காத வழக்கொன்று தமிழ் வாசகர்களின் மன்றத்திலே கிடக்கின்றது. வாதியும் பிரதிவாதியும் கற்பனை மாந்தர். சாட்சிகளிலே பாதிப்பேர் பொய் சொல்லத் தயங்காதவர்கள். தலையாய சாட்சியோ வாய் பேச இயலாதவள். தீர்ப்புக் கூறவேண்டிய ஆசிரியர், கதையை முடித்த அதே 1954ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்திலே காலமாகிவிட்டார். பழுவூர் இளைய ராணி நந்தினியின் தந்தை யார் என்பதே அவ்வழக்கு.

அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்', அவர் நடத்திய வாரப் பத்திரிகையிலே 1950 முதல் 1954 வரை மணியம் அவர்களின் சித்திரங்களோடு வெளிவந்த தொடர்கதை. கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. பத்திரிகைத் தாள்களைக் கத்தரித்துச் சேர்த்து, தைத்து, அட்டை கட்டி வைத்துக் கொண்ட குடும்பங்கள் எத்தனையோ. 1970களின் முற்பகுதியிலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு இந்நாட்டிலே கட்டுப்படுத்தப்பட்டபோது அக்கட்டுகளுக்கு மேலும் மதிப்பேறிற்று. நான் அக்கதையைப் படித்தது தொண்ணூறுகளில், மின்சாரம் அற்றுப்போன இரவுகளிலே, குப்பி விளக்கின் முன்னால். எனக்குக் கிடைத்த கட்டிலே மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கங்கள் இல்லை. அப்பக்கங்களில் என்ன இருந்திருக்கும் என்று அயல்வீட்டு நண்பரோடு தர்க்கித்ததிலேயே ஒரு மாரிகாலம் கழிந்தது.

கதையை மறந்தவர்களுக்காகவும், திரைப்படத்தை மாத்திரம் கண்ட இளைஞர்களுக்காகவும், வழக்கின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். சுந்தர சோழர் இளவரசராக இருந்த காலத்தில் ஈழக்கரையை அடுத்த ஒரு தீவிலே தனித்து ஒதுங்குகின்றார். அங்கே அவரைக் காப்பாற்றிப் பேணியவள் மந்தாகினி என்னும் ஊமைப் பெண். பின்னர் அவர் நாடு திரும்பி முடிசூடுகின்றார். அவரைத் தேடிச் சென்ற மந்தாகினி, அவர் ஒரு பேரரசர் என்பதைக் கண்டு மனமுடைந்து, கோடிக்கரைக் கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து கடலிலே குதிக்கின்றாள். காப்பாற்றப்பட்ட அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. அவற்றுள் பெண் குழந்தையே நந்தினி. ஆழ்வார்க்கடியானின் தங்கையாக வளர்கின்றாள். ஆண் குழந்தையோ, தன் மகவு இறந்தே பிறந்தது என்று கலங்கியிருந்த செம்பியன் மாதேவியாரின் கையிலே மதுராந்தகன் ஆகின்றது. இறந்ததாக எண்ணப்பட்ட மகவும் பிழைத்துக் கொள்கின்றது. மந்தாகினியின் தங்கையும் ஊமையுமான வாணி அதைத் தன் பிள்ளையாக வளர்க்கின்றாள். அவனே தஞ்சைக் கோயிலுக்குப் பூமாலை கட்டும் சேந்தன் அமுதன். கதை முடிவிலே உத்தம சோழனாக முடி சூடுபவனும் அவனே.

மந்தாகினியின் இரட்டையருக்குத் தகப்பன் யார்? சுந்தர சோழரே என்பது ஒரு கட்சி. நந்தினி தன் தமக்கை என்று அறிந்து ஆதித்த கரிகாலன் உள்ளம் குமுறுவதை இக்கட்சியார் எடுத்துக்காட்டுவர். பாண்டியன் வீரபாண்டியனே என்பது எதிர்க்கட்சி. ஐந்தாம் பாகத்திலே கருத்திருமன் என்பவன் கூறும் வரலாறு இவர்களுக்குப் பலம். காயமுற்றுக் கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காக மன்றாடிய நந்தினியின் வாய்மொழியைக் கேட்கலாமே என்றால், அவள் ஆளுக்கொரு கதை சொல்லக்கூடியவள். கல்கி வேண்டுமென்றேதான் இருளை மிச்சம் வைத்தார் என்பது என் கருத்து. தொடர் முடிந்தபின் வாசகர்களின் குறைகளுக்கு விடை கூறும் முடிவுரை ஒன்றை எழுதினாரல்லவா? அதிலே கூட அவர் விளக்கை முழுவதும் தூண்டிவிடவில்லை.

இவ்வளவும் தமிழுலகம் எங்கணும் நடைபெறும் வாதமே. கல்முனைப் பகுதியிலே, தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் கலந்திருக்கும் ஒரு வகுப்பறையிலே, இவ்வாதம் எதிர்பாராத ஒரு திசையிலே திரும்பிற்று. இரு தரப்பு வாதங்களையும் நான் கரும்பலகையிலே எழுதி முடித்தேன். சாய்ந்தமருதுப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், வாப்பா யாரெண்டு இவ்வளவு நேரமாத் தேடுறீங்க. உம்மா யாரெண்டுதான் தெரியுமே! அப்ப நந்தினி கோடிக்கரையாக்கள்ற குடிதானே?"

வகுப்பு சிரித்தது. எனக்கோ அது சிரிப்பாக இல்லை. எழுபதாண்டு வழக்கிலே இப்படியொரு வாதத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இதனை விளக்கியாக வேண்டும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள இக்கடற்கரையிலே 'குடி' என்பது வெறும் குடும்பம் அன்று; தாய்வழியாக எண்ணப்படும் வமிசம். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பனுடைய குடி பிள்ளைக்கு வருவதில்லை. ஒரே குடிக்குள் மணம் முடிப்பது முறையன்று. தமிழரிடையே காலிங்கா குடி, படையாண்ட குடி முதலிய பெயர்கள் வழங்குகின்றன. கோயில் வண்ணக்கர் பதவியும் திருவிழா உரிமையும் குடி பார்த்தே அமைந்தன. முஸ்லிம் ஊர்களிலும் அவரவர்க்கென்று தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் மரைக்காயர்களைக் குடிக்கு ஒருவராகத் தெரிந்தெடுத்த வழக்கமும் இருந்தது. சமயம் வேறாயினும் வமிசத்தை எண்ணும் முறை ஒன்றாக இருப்பது இக்கரையின் தனிச்சிறப்பு. டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1969ஆம் ஆண்டளவில் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி, பல்லாண்டு ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட பெருநூலிலே இதனை விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் மாணவிக்கு அந்நூலைத் தெரியாது. அவளுடைய மூத்தம்மாவைத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

அவள் காட்டிய வழியிலே கதையை மறுபடியும் வாசித்துப் பார்த்தால் வேடிக்கையான பல சங்கதிகள் புலப்படுகின்றன. பூங்குழலி, மந்தாகினிக்கும் வாணிக்கும் மருமகள். அவர்களுடைய சகோதரர் தியாகவிடங்கரின் மகள். அவள் சேந்தன் அமுதனை மணக்கின்றாள். மாமி மகனை மணப்பது எங்கள் ஊர்களிலே இருசாராருக்கும் உவப்பான சம்பந்தம், 'மச்சான்' முறை. ஆனால் அமுதன் வாணி வயிற்றுப் பிள்ளை அல்லனே! பிறப்பால் அவன் மழவர் குலத்துச் செம்பியன் மாதேவியாரின் மகன். ஆகவே குடிக்கணக்கின்படி அவன் பூங்குழலிக்கு அந்நியன். இரத்த உறவு கொண்ட மெய்யான மச்சான் யாரென்றால், அரண்மனையிலே வளர்ந்து அரசுரிமை கேட்டு நின்ற அந்தப் போலி மதுராந்தகன்தான். இதனை நான் சொன்னபோது வகுப்பிலே ஒரு கணம் நிசப்தம், பிறகு பெருங்கூச்சல். "வளர்த்தாலும் உம்மாதான், சேர்" என்று ஒரு பகுதி. "குடி எண்டா இரத்தம்தான்" என்று மறுபகுதி. காரைதீவுப் பையன்களும் நிந்தவூர்ப் பிள்ளைகளும் இரு பகுதியிலும் கலந்தே இருந்தார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். பழைய மட்டக்களப்பு நாட்டிலே முக்குவர் சட்டம் என்றொரு வழமை இருந்தது. பிரிட்டோ என்பவர் அதுபற்றி 1876இல் நூல் எழுதினார். அதே ஆண்டில் வந்த சொத்துரிமைக் கட்டளைச் சட்டத்தால் அவ்வழமை செல்வாக்கிழந்தது. அதன்படி முதுசச் சொத்து ஆணின் பிள்ளைகளுக்குப் போவதில்லை. அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்கே போகும். இந்தச் சட்டம் தஞ்சாவூரிலே நடந்திருந்தால்? கண்டராதித்தர் மகனா, அரிஞ்சயரின் பேரனா என்ற பிணக்கே எழுந்திராது. ஆதித்த கரிகாலனுக்கும் அருள்மொழிக்கும் பிறகு சிங்காசனம் அவர்களுடைய சகோதரியான குந்தவையின் வயிற்றிலே பிறக்கும் பிள்ளைக்குப் போயிருக்கும். கதையின் மிகக் கூர்மையான மதிநுட்பம் வாய்ந்தவள் அவளே. வந்தியத்தேவனுக்குக் குதிரை ஓட்டுவதைவிடப் பெரிய வேலை காத்திருந்திருக்கும்!

தாய்வழி என்றவுடன் பெண்களுக்கு எல்லாம் இனிதாக அமைந்துவிட்டது என்று எவரும் மயங்க வேண்டாம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை என்ற வழமையும் இதே கரையிலேதான் வேரூன்றியிருக்கிறது. தங்கைமாருக்கு வீடு கட்டுவதற்காகப் பாலைவன நாடுகளிலே இளமையைத் தொலைக்கும் காக்காமார் இருசமூகத்திலும் இல்லாமலில்லை. அது வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்குரிய விஷயம்.

குழந்தை மாறிப்போன கதைகள் எம் மாணவர்களுக்குப் புதியனவல்ல. அமுதனைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தமிழ்ப் பிள்ளைகள் கர்ணனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே ஆண்டுதோறும் பாரதம் நிகழ்ந்து தீமிதிப்போடு நிறைவுறும் ஊரவர்களுக்குக் குந்தி பெற்றதும் இராதை வளர்த்ததும் நேற்று நடந்ததுபோல் தெரியும். முஸ்லிம் பிள்ளைகள் மூஸா நபியைச் சொன்னார்கள். ஆற்றிலே விடப்பட்ட குழந்தை பிர்அவ்னின் மாளிகையிலே வளர்கின்றது. பெற்ற தாயே அடையாளம் மறைத்துப் பாலூட்ட வருகின்றாள். ஒரு சிறுவன் கேட்டான்: கர்ணனுக்கு உண்மை தெரிந்தபின் போர் வந்தது, மூஸா நபிக்கு உண்மை முதலிலிருந்தே காவலாக நின்றது, அமுதனுக்கோ உண்மை தெரிந்தபின் ஏன் ஒன்றுமே நடக்கவில்லை? நல்ல கேள்வி. அரசு தனக்கு வேண்டாம் என்று ஒதுங்குபவனாகவே கல்கி அவனைப் படைத்தார். உண்மையிலே கதாசிரியருக்கு அங்கே ஒரு சங்கடம் இருந்தது. சரித்திரத்திலே உத்தம சோழன் ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்டவன். அவனை விலக்க முடியாது. கதையிலே மதுராந்தகனை அற்பனாக ஆக்கியாயிற்று. அவனைச் சிங்காசனத்தில் இருத்தவும் முடியாது. ஆள்மாறாட்டம் என்னும் ஏற்பாடு அம்முடிச்சை அவிழ்ப்பதற்கே பயன்பட்டது என்பது என் எண்ணம்.

ஆள்மாறாட்டம் என்றால் நம்பத்தக்கதா என்று பிற ஊர்களிலே கேட்பார்கள். கல்முனையிலே அப்படிக் கேட்பதற்கு நா எழாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, சில மாதங்களே நிரம்பிய ஆண் குழந்தையொன்று சிதைவுகளுக்கிடையே கண்டெடுக்கப்பட்டுக் கல்முனை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. அன்று அங்கே அனுமதிக்கப்பட்டோர் வரிசையிலே அதன் இலக்கம் 81. பெயர் தெரியாமையால் அந்த இலக்கமே பெயராயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த பலர் அது தம்முடையதென்று வந்ததாக உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின; நீதிமன்றத்திலே முறைப்படி உரிமை கோரியவர் ஒரு தம்பதியரே. கல்முனை நீதிமன்றம் மரபணுச் சோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்து, குழந்தை அவர்களுடைய கையிலே ஒப்படைக்கப்பட்டது. அப்பெற்றோர் காத்திருந்த ஏழு வாரங்கள் எப்படிப்பட்டவையென்று நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. அந்த ஆண்டிலே இக்கரையிலே எத்தனையோ பிள்ளைகள் சாச்சிமார் வீட்டிலும் அம்மம்மாமார் வீட்டிலும் வளரத் தொடங்கினார்கள். எவரும் சோதனைக்குப் போகவில்லை; தாய்வழிச் சொந்தம் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. என் வகுப்பிலே "வளர்த்தாலும் உம்மாதான்" என்று வாதிட்டவர்கள் எதை நினைத்து வாதிட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இனித் திரைப்படம். மணிரத்தினம் அவர்கள் இயக்கிய இரு பாகங்களும் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. அதன்பின் வழக்கு மீண்டும் சூடுபிடித்தது. படத்திலே சேந்தன் அமுதன் வருகின்றான், போகின்றான், அவன் அரசனாவதில்லை. மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மெய்யான மகனாகவே இருந்து, மனம் திருந்தி முடி சூடுகின்றான். நூலை நேசிப்பவர்கள் கொதித்தார்கள். சரித்திரம் படித்தவர்களோ, படமே கல்வெட்டுக்கு நெருங்கி வந்துவிட்டது என்று நகைத்தார்கள். இரண்டாவது தரப்பாருக்கு நியாயம் உண்டு. சேந்தன் அமுதனும் நந்தினியும் மந்தாகினியும் எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவர்கள். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது மெய். கொலைத் துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய சகோதரர்களின் நிலங்களையும், அவர்தம் உறவினர் நிலங்களையும் பறித்து விற்றதை, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு சொல்லுகின்றது. ஏவியவர் யார் என்பதை அது சொல்லவில்லை. உத்தம சோழன் மீது நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஆகச் சரித்திராசிரியர்களுக்குள்ளும் ஒரு வழக்கு நடக்கின்றது.

எனினும் அமுதனை நீக்கியதிலே ஓர் இழப்பு உண்டு. பூமாலை கட்டுபவளின் குடிசையிலே வளர்ந்தவன் தஞ்சைச் சிங்காசனத்தில் அமர்கின்றான், படகோட்டிப் பெண் பட்டமகிஷியாகின்றாள் என்ற இடம் போய்விட்டது. சாதாரண மக்கள் அந்தப் பெருங்கதைக்குள் நுழைந்த வாசல் அதுதானே. அதை அடைத்தபின் அது அரச குடும்பத்தாரின் உட்பகையாகச் சுருங்கிவிடுகின்றது. எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் பூங்குழலிக்காக வருந்தியதிலே வியப்பில்லை. அவள் தோணி வலிக்கத் தெரிந்தவள்.

கல்கிக்குப் பின் அக்குடும்பத்தை வேறு பலரும் வளர்த்தார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' அடுத்த தலைமுறைக்குப் போயிற்று. அது 1963இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றது. அந்நாவலிலே பாண்டியர் மணிமுடியைத் தேடிச் சோழர் படை உரோகணத்துக்கு வருகின்றது. பழைய உரோகண நாடு இன்றைய அம்பாறையின் உட்பகுதிகளையும் அளாவியது என்பதை வகுப்பிலே சொன்னபோது, பின்வரிசையிலே உறங்கிக் கொண்டிருந்தவர்களும் விழித்துக் கொண்டார்கள். இத்தொடர்ச்சிகளுக்குள் ஒன்றுக்கொன்று பொருந்தாத உறவுகள் பல. அவற்றை ஒரே வமிசாவளிக்குள் அடக்க முயல்வது வீண் வேலை. கல்கிக்கே இத்தொல்லை இருந்தது. 'பார்த்திபன் கனவு' முதலிலே எழுதப்பட்டது. கதைப்படி அதற்கு முந்திய 'சிவகாமியின் சபதம்' பின்னரே வந்தது. முந்தியதில் பல்லவ இளவரசியின் பெயர் குந்தவி! குந்தவியையும் குந்தவையையும் ஒருத்தியாக்கிப் பரீட்சையிலே பதில் எழுதிய கொப்பிகளை ஆண்டுதோறும் திருத்துகின்றேன்.

பெயர்க்குழப்பம் கதையோடு நிற்பதில்லை. சென்ற ஆண்டு மாணவர்களைப் பொலன்னறுவைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அங்கே இரண்டாம் இலக்கச் சிவதேவாலயம் என்று தொல்பொருளார் குறிப்பது, சோழர் காலத்துக் கற்றளி. அதன் பழம்பெயர் வானவன்மாதேவி ஈசுவரம். இராசராசனின் தாய்க்கும் வானவன் மாதேவி என்று பெயர். இராசேந்திரனின் தாயாகிய இராசராசன் தேவிக்கும் அப்பெயர் உண்டு. யார் பெயரால் எழுந்த கோயில் இது என்று உடனே வாதம் கிளம்பிற்று. ஒரு கூட்டம் தாயின் பக்கம், மறு கூட்டம் தாரத்தின் பக்கம். வெயிலோ கொளுத்துகின்றது, பஸ் சாரதி ஹோர்ன் அடித்து அழைக்கின்றார். அந்தச் சாய்ந்தமருது மாணவி படியிலே நின்று கற்சுவரைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டு பேரும் மாமியும் மருமகளும்தானே, சேர். ஒரே வளவுக்குள்ள இரிக்கட்டும்."